இன்னும் ஒரு கன்று: புத்தளம் கரையின் தீராத ஆசை

கொழும்பிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில், நீர்கொழும்பு தாண்டியதும் யாராவது ஒருவர் கன்றோடு ஏறுவார். கறுப்புப் பொலித்தீன் பை, அதில் ஈரமண், மேலே நாலு இலை. தட்டில் வைக்கச் சொல்லி நடத்துநர் சத்தம் போடுவார். அவர் வைக்க மாட்டார். தட்டில் வைத்தால் குருத்து ஒடிந்துவிடும். மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி சிலாபம் வரை, முந்தல் வரை, சிலர் கல்பிட்டி வரை போவார்கள். வீதியோரத்து நாற்றுமேடைகளும் சும்மா விடுவதில்லை. மீன் வாங்கப் போனவர் அந்தூரியத்தோடு திரும்புவது இந்தக் கரையில் புதினமல்ல. “இதுக்கு இனி எங்க இடம்?” என்று வீட்டில் ஒரு குரல் எழும். வாசல் படியிலோ, கிணற்றுக் கட்டின் அருகிலோ, பழைய பெயின்ற் வாளியிலோ இடம் எப்படியும் உண்டாகிவிடும்.

காசு கொடுத்து வாங்குவது இந்த ஆசையில் ஒரு பங்குதான். வேலியோரக் கொடுக்கல் வாங்கல்தான் பெரிது. பெருநாளைக்கு உறவு வீட்டுக்குப் போனவர் வட்டிலப்பத்தை வாயில் வைத்துக்கொண்டே முற்றத்துப் பூச்சாடிகளைக் கண்ணால் அளந்துவிடுவார். எழும்பும் நேரத்தில் வரும் கேள்வி எல்லாருக்கும் தெரிந்ததே: “சாச்சி, இதுல ஒரு தடி ஒடிச்சுக்கிறேன்.” சாச்சி மறுக்க முடியாது, அடுத்த பெருநாளைக்கு அவரும் அங்கே போக வேண்டுமே. உடப்பிலும் முன்னேஸ்வரத்திலும் இதற்குக் கோயில் நியாயம் ஒன்று சேர்ந்துகொள்ளும். சாமிக்குப் பூ என்று கேட்டால் செவ்வரத்தையோ நந்தியாவட்டையோ இல்லை என்று சொல்ல எந்த மாமிக்கும் மனம் வராது. மணி பிளாண்ட் விஷயத்தில் கேட்கும் வழக்கமே இல்லை. களவெடுத்து வைத்தால்தான் செழிக்கும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. நல்ல குடும்பத்துப் பெண்கள் எந்தக் கூச்சமும் இல்லாமல் செய்யும் களவு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வேலையற்றவர் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடுவோர் உண்டு. அவர்கள் தங்கள் வளவைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். வேலியில் போகன்விலா, அடுக்களைப் பின்னால் பப்பாசி, மூலையில் கொய்யா, பாத்தியில் மிளகாய், தெருவோரம் கஜு. இவற்றில் ஒன்றுகூட இந்த மண்ணில் தானாக முளைத்த இனம் அல்ல. எவரோ ஒருவர், எந்தக் காலத்திலோ, இதே போல ஒரு கன்றையோ விதையையோ மடியில் வைத்துக்கொண்டு வந்ததால் நிற்பவை. புத்தளம் கரையின் தோட்டம் என்பதே கொண்டுவந்தவர்களின் தோட்டம். ஆகவே கன்றாசையை நான் குற்றம் சொல்லப் போவதில்லை. அந்த ஆசை அவசரப்படும்போது என்ன நடக்கிறது என்பதே என் கவலை. அதற்கும் இந்தக் கரையிலேயே சாட்சி இருக்கிறது.

கப்பலில் வந்த வளவு

1344 இல் மாலைதீவிலிருந்து வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா கரையேறிய இடம் புத்தளம். அப்போது அங்கிருந்த அரசர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்தார். கரை நெடுக ஆறுகள் அடித்துவந்த கறுவா மரக் கட்டைகள் குவிந்து கிடந்ததையும், மலபாரிலிருந்தும் சோழமண்டலத்திலிருந்தும் வந்தவர்கள் அரசனுக்குத் துணியும் அன்பளிப்பும் கொடுத்துவிட்டு அவற்றை விலையின்றி அள்ளிப் போனதையும் அவர் எழுதி வைத்தார். மரம் கடல் வழியே போன கதை அது.

மரம் வந்த கதையைப் பெருக்கமரம் சொல்லும். ஆப்பிரிக்காவின் மரம், இலங்கையில் மன்னாரிலும் புத்தளத்திலும்தான் முக்கியமாகக் காணக் கிடைக்கிறது. மன்னார் பள்ளிமுனையில் நிற்பதன் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். அரபு வணிகர் கொண்டுவந்தார்கள், அவர்களின் ஒட்டகங்களுக்கு அதன் இலை தீனியானது என்பது நெடுநாள் வழக்கு. 1859 இல் வெளிவந்த தன் இலங்கை நூலில் எமர்சன் டெனன்டும் அரபிகளையே காரணம் காட்டினார். பள்ளிமுனை மரத்தின் வயதை நூறுகளில் கணக்கிடுகிறார்கள். அதை நட்டவர் அது பருத்து நின்ற கோலத்தைக் கண்டிருக்க முடியாது. நாற்றுமேடையில் நின்று “எத்தனை மாசத்தில பூக்கும்?” என்று கேட்கும் நமக்கு அந்த மனிதரின் பொறுமை கொஞ்சம் கிடைத்திருக்கலாம்.

பிறகு போர்த்துக்கேயர். பிரேசிலின் கஜு அவர்களின் கப்பலில்தான் இந்தியக் கரைக்கும் இங்கும் வந்தது. இன்று நாட்டின் கஜுச் செய்கையில் முன்னணியில் நிற்பது புத்தளம் மாவட்டம். வண்ணாத்திவில்லு, எழுவன்குளம் பக்கம் போனால் வேறு எதுவும் நிற்கத் தயங்கும் வறண்ட நிலத்தில் அது குடை விரித்து நிற்கிறது. மிளகாயும் அதே அமெரிக்கக் கண்டத்துச் சொத்து. இன்று கல்பிட்டி மணலில் மிளகாய்ப் பாத்தியைக் கழித்துவிட்டால் பல குடும்பங்களுக்குக் கணக்கே இல்லை.

போகன்விலாவின் கதை தனி. 1760களில் உலகைச் சுற்றப் புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பற் படையில் இருந்த தாவரவியலாளர் கொமெர்சோன் பிரேசிலில் அதைச் சேகரித்து, கப்பற் தலைவரின் பெயரை அதற்குச் சூட்டினார். கூடவே செடி சுமந்த உதவியாளர் ஜான் பாரே, ஆண் வேடமிட்டுக் கப்பலேறிய பெண். உலகைச் சுற்றிவந்த முதற் பெண் என்று இன்று அறியப்படுகிறார். செடிக்காக அவர் எடுத்த துணிவின் பக்கத்தில் பஸ் நடத்துநரோடு போடும் சண்டையெல்லாம் எம்மாத்திரம்.

அந்நாளில் பத்துக் கன்று ஏற்றினால் ஒன்று உயிரோடு வந்து சேர்வதே பெரிது. உப்புக் காற்று மீதியைக் கொன்றுவிடும். லண்டன் மருத்துவர் நத்தானியல் வோர்ட் கண்டுபிடித்த மூடிய கண்ணாடிப் பெட்டி 1830களில் அதை மாற்றியது. உள்ளே இலையிலிருந்து எழும் ஈரம் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்கும். மாதக் கணக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. 1876 இல் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த 1,919 ரப்பர் கன்றுகள் அப்படிப்பட்ட 38 பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அவை நடப்பட்ட ஹெனரத்கொட தோட்டம் நம் மாவட்டத்தின் தெற்கு எல்லையிலிருந்து அதிக தூரமில்லை. அதே பெட்டிகள் உலகெங்கும் செடியோடு பூச்சியையும் பூஞ்சணத்தையும் காவிக்கொண்டு போயின என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தார்கள். இலங்கையோ 1869 இலேயே கோப்பி இலைத் துருநோயைக் கண்டுவிட்டது. சில பத்து ஆண்டுகளில் மலைநாட்டில் கோப்பி இருந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

லுணுவிலையில் ஒரு சேகரிப்பு

கன்றாசை வீட்டு முற்றத்தோடு முடிவதல்ல. இந்த மாவட்டத்தில் அதற்கு ஓர் அரச நிறுவனமே உண்டு. லுணுவில பண்டிரிப்புவத் தோட்டத்தில் இருக்கும் தென்னை ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் 1929. அங்கே மரபியல் பிரிவில் பணியாற்றிய டி. வி. லியனகே தென்னையைப் பார்த்த விதம், நம் ஊர்ப் பெண்கள் குரோட்டனைப் பார்க்கும் விதத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. எந்த வளவில் விசித்திரமான மரம் நிற்கிறது, எதன் காய் ஊரார் காயிலிருந்து வேறுபடுகிறது என்பதே அங்கு தேடல். இலங்கைத் தென்னையின் வகைகளையும் உருவங்களையும் அவர் 1958 இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார். இன்றுவரை அதுவே அடிப்படை.

அந்தப் பட்டியலை வாசித்தால் தென்னந்தோப்புக்குள் பிறந்து வளர்ந்தவரும் வியந்து போவார். நவசி என்று ஒன்று. அதன் இளம் மட்டையை மென்று தின்னலாம். போதிரி என்று ஒன்று. குலை நிறையச் சின்னஞ்சிறு காய்கள், எண்ணப் பொறுமை வேண்டும். ரன் தெம்பிலியின் இளங்காயை வெட்டினால் மட்டைக்குள் இளஞ்சிவப்பு தெரியும். திகிரிப் பொல்லின் உள்ளே கெட்டித் தேங்காய்க்குப் பதில் வழுவழுப்பான களி போன்ற சதை. செம்மஞ்சள் நிறத் தெம்பிலி, அதாவது நாம் பஸ் நிலையத்தில் வெட்டிக் குடிக்கும் செவ்விளநீர், இந்த நாட்டுக்கே உரியது. வியாபாரக் கண்ணுக்கு இவற்றில் பலவும் உதவாதவை. கொப்பராவுக்குப் போதிரி எதற்கு? ஆனாலும் வைத்திருக்கிறார்கள். இனவிருத்தி செய்பவருக்கு எந்தக் குணம் எப்போது தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பல்லமப் பக்கத்தில் பொத்துக்குளமவில் தென்னை இனங்களுக்கென்றே வயல்வெளி மரபணுக் காப்பகம் நடத்துகிறார்கள்.

ஆசைக்கு ஒழுங்கு பூட்டினால் எப்படி இருக்கும் என்பதை அறிய அம்பகெலே விதைத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். 1955 இல் தொடங்கியது. தேர்ந்தெடுத்த தாய் மரங்களை மட்டும் வைத்து, வெளித் தென்னைகளின் மகரந்தம் வந்து சேராதபடி காட்டுக்கு நடுவே ஒதுக்கி அமைத்தார்கள். நெட்டையையும் நெட்டையையும் சேர்த்தது சி.ஆர்.ஐ.சி. 60. குட்டைப் பச்சையின் ஆண் பூக்களை விரியுமுன் நீக்கிவிட்டு நெட்டையின் மகரந்தத்தைத் தூவிப் பெற்றது சி.ஆர்.ஐ.சி. 65. நெட்டை காய்க்க ஆறேழு வருடம். குட்டையின் இரத்தம் சேர்ந்தது அதற்கு முன்பே பாளை விடும். இந்தக் கன்றுகளுக்கு ஊரில் நிற்கும் வரிசையைப் பார்த்தால், நாட்டில் எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் கன்றாசைக்குத் தட்டுப்பாடில்லை என்று தோன்றும்.

பையோடு வந்தவை

1997 இன் கடைசியில் கல்பிட்டித் தீபகற்பத்தில் குரும்பைகள் ஒரு மாதிரியாகத் தெரிந்தன. காம்பு மூடிக்குக் கீழே வெளிறிய முக்கோணம். காய் வளர வளர அது பழுப்பாகி, தோல் வெடித்து, சொரசொரப்பான தழும்பாயிற்று. காய் சிறுத்தது. மட்டை இறுகிப்போய் உரிப்பவரின் கை வலித்தது. ஆராய்ச்சி நிறுவனம் அடையாளம் கண்டது தென்னைச் சிற்றுண்ணி: கால் மில்லிமீற்றர் நீளம்கூட வராத, கண்ணுக்குத் தெரியாத உயிர். மெக்சிக்கோவின் கெரேரோ மாநிலத்திலிருந்து பெற்ற மாதிரியை வைத்து 1965 இல் விஞ்ஞானத்துக்கு அறிமுகமானது. இலங்கையில் அது முதன்முதல் பதிவான இடம் கல்பிட்டி. கேரளத்தில் 1998 இல் பதிவாயிற்று. சில வருடங்களுக்குள், தென்னை முக்கோணம் எனப்படும் நாட்டின் முக்கிய தென்னைப் பகுதி முழுவதும் தழும்பு விழுந்த தேங்காய்தான்.

மரத்துக்கு மரம் அதைக் காற்று கொண்டுபோகும். கண்டம் கடக்கக் காயோ கன்றோ வேண்டும். எந்தப் பையில் வந்தது, எவர் கொண்டுவந்தார் என்று தேடிக் கண்டுபிடித்துத் திட்டுவதில் பயனில்லை. கொண்டுவந்தவர் இருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது. இதுதான் இந்த விஷயத்தின் கொடுமை. மூடிக்குள் ஒளிந்திருப்பதால் மருந்தும் எட்டாது. கடைசியில் லுணுவிலைக்காரர் அந்தச் சிற்றுண்ணியைத் தின்னும் வேறோர் உண்ணியைப் பெருக்கி, பைகளில் அடைத்துத் தோப்புகளில் விடும் வழியைக் கைக்கொண்டார்கள். குறைகிறது, ஒழியவில்லை.

2008 இல் பப்பாசிக்கு வந்தது வெண்மூட்டுப் பூச்சி. தமிழகத்தில் மாவுப்பூச்சி என்பார்கள். அதுவும் மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பிறப்பு. பப்பாசியில் தொடங்கிச் செவ்வரத்தையிலும் பஞ்சு ஒட்டியது போல அப்பியது. அதே வருடத்தில் கோயம்புத்தூர்ப் பக்கமும் அதே கூத்து. அதன் எதிரியான சிறு குளவியை வெளிநாட்டிலிருந்து தருவித்து 2009 இல் விட்டபிறகுதான் இலங்கையில் மூச்சு வந்தது.

நாமும் கொடுத்திருக்கிறோம், வாங்கியது மட்டுமல்ல. தென்னந்தண்டைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டு தெற்காசியாவின் பழைய குடி. 1980களின் நடுவில் வளைகுடா நாடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. அழகுக்காகக் கொண்டுபோன பனை இனக் கன்றுகளோடு போயிருக்கும் என்பதே பொதுவான கருத்து. இன்று அரபு நாட்டுப் பேரீச்சந் தோட்டங்களின் முதல் எதிரி அது. புத்தளத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் அங்கே அந்த வண்டை அடையாளம் கண்டிருப்பார்கள். ஊர்க்காரன்தானே.

பூச்சி ஒரு பக்கம். செடியே வேலி தாண்டுவது இன்னொரு பக்கம். இந்த நூற்றாண்டின் விஷயம் என்று எண்ணிவிட வேண்டாம். ஊதாப் பூவின் அழகுக்காக 1904, 1905 அளவில் கொழும்புக்கு வந்த ஆகாயத்தாமரை, 1909 இல் அதை ஒழிப்பதற்கென்றே தனிக் கட்டளைச் சட்டம் போடும் அளவுக்குப் பரவிவிட்டது. கொண்டுவந்தவர் ஆளுநர் ஹென்றி பிளேக்கின் மனைவி என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்த அம்மையார் தாவர ஓவியத்தில் பெயர் பெற்றவர். நம்மில் எவரையும் விடச் செடி அறிந்தவர். 1939 இல் கொழும்பில் தாவரவியல் பாடத்துக்காகக் கல்கத்தாவிலிருந்து தருவித்த சல்வீனியா வயலையும் குளத்தையும் மூடியது. அதைத் தின்னும் சிறு வண்டை 1986 இல் விட்டபிறகே அடங்கத் தொடங்கியது. இரண்டிலும் முதல் தப்புச் செய்தவர்கள் படித்தவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

சப்பாத்திக் கள்ளியின் கதை இன்னும் வேடிக்கை. 1795 இல் கிழக்கிந்தியக் கம்பனிக்காகப் பிரேசிலிலிருந்து கள்ளிப் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். சிவப்புச் சாயம் எடுக்க. வந்தது சாயப் பூச்சியின் மட்டமான சகோதரம். சாயம் சரிவரவில்லை, கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது. அதைப் பார்த்த புத்திசாலிகள் 1865 இல் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு அதை அனுப்பிக் கள்ளியை அழிக்க விட்டார்கள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் களையை ஒழிப்பதற்கென்றே பூச்சி அனுப்பிய முதல் சம்பவம் என்று பாடநூல்களில் வருவது இதுதான். கள்ளி இனத்தைச் சேர்ந்த டிராகன் பழம் இன்று நாற்றுமேடையில் நல்ல விலைக்குப் போகிறது.

மணலும் கிணறும் சொல்வது

பூச்சியும் களையும் வராத கன்று என்றே வைத்துக்கொள்வோம். அது இங்கே பிழைக்குமா? நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகும் புத்தளத்துக்காரர், ஹக்கல பக்கத்தில் வண்டியை நிறுத்தி ஹைட்ரேஞ்சியா வாங்காமல் வருவது அபூர்வம். சித்திரை வெயிலுக்கு அது கருகும். மறுவருடம் மறுபடி வாங்குவார்கள். இதில் நியாயம் தேடக் கூடாது.

கல்பிட்டி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் இடித்து நிற்கும் மணல் நாக்கு. சோளகம் வீசும் மாதங்களில் உப்பு, இலையில் படிந்து வெள்ளையாகவே தெரியும். காற்றாடிச் சறுக்கு விளையாட வெள்ளைக்காரர் தேடிவரும் அதே காற்று, மெல்லிய இலைச் செடிக்கு யமன். அடியில் தண்ணீர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படை. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை அது உப்புநீரைத் தள்ளிப் பிடித்திருக்கும் என்பது கணக்கு. மோட்டர் போட்டு மேலே ஒரு சாண் இறக்கினால், கீழே உப்பு அதைப் போலப் பல மடங்கு ஏறும். போதாததற்கு மணலில் போட்ட உரமும் நிற்பதில்லை. தீவிரமாகச் செய்கை பண்ணும் இடங்களில் கிணற்று நீரில் நைத்திரேற்று குடிநீருக்கான எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தாகம் மிகுந்த கன்று ஒன்றைப் பணக்கார வீடு வைத்தால், அதன் விலையில் ஒரு பகுதியை அடுத்த வீட்டுக் கிணறு கட்டுகிறது.

அடினியம் இங்கே கொண்டாட்டமாக நிற்கிறது. அரேபிய, ஆப்பிரிக்க வறள் நிலத்துப் பிறப்பு அது. போகன்விலா தண்ணீர் குறைந்தால்தான் பூக்கவே நினைக்கும். கற்றாழைக்கு நம் தயவே தேவையில்லை. கஜுவுக்கு ஒட்டுக் கன்று வாங்குவது நல்லது. விதையில் முளைத்தது தாயைப் போலக் காய்க்கும் என்று நம்ப முடியாது.

இடம் பார்க்காமல் நடுவதில் தனியாரை மட்டும் குறை சொல்ல முடியாது. சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரைகளில் கண்டல் நடுகை பெரும் உற்சாகத்தோடு நடந்தது. பிள்ளைகள், அதிகாரிகள், பெனர், படம். 2017 இல் வெளியான ஆய்வு ஒன்று 23 இடங்களைப் போய்ப் பார்த்தது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் 200, 220 ஹெக்டேயர் மட்டுமே தேறியிருந்தது. ஒன்பது இடங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நடச் சுலபமான ஓர் இனத்தையே எங்கும் ஊன்றியது, வெள்ளம் ஏறி இறங்கும் அளவைப் பார்க்காதது, நட்டபின் திரும்பிப் பார்க்காதது: இவையே காரணங்கள். கலா ஓயா களப்போடு சேரும் கங்கேவாடியில் எவரும் நடாத கண்டல் காடு தன்பாட்டில் அடர்ந்து நிற்கிறது.

ஏன் விட முடியவில்லை

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, 70,000க்கு மேற்பட்டவர்கள் வீடுவாசல் இழந்தார்கள். பெரும்பாலோர் வந்து சேர்ந்தது இந்த மாவட்டத்துக்கு. கன்று எடுத்துவர எவருக்கு அவகாசம் இருந்தது? முதலில் கிடுகுக் கொட்டில்கள், பிறகு சீமெந்துச் சுவர்கள். சுவர் எழுந்த கையோடு முற்றத்தில் ஏதாவது ஒன்று முளைத்தது. 2002 இல் ஏ-9 வீதி திறந்தபின் பழைய ஊரைப் பார்க்கப் போக வழி பிறந்தது. போனவர்கள் கொண்டுவரக் கூடியது என்ன இருந்தது? கறுத்தக்கொழும்பான் மா ஒட்டோ, வளவில் தப்பி நின்ற பூங்கன்றின் தடியோ. ஆலங்குடாவிலும் பாலாவியிலும் மன்னார்க் கதையும் யாழ்ப்பாணக் கதையும் பேசும் முற்றங்களைப் பார்த்தவர் எவரும் கன்றாசையை வெறும் பகட்டு என்று சொல்ல மாட்டார்.

2020 இல் ஊரடங்கு வந்தபோது அரசு பத்து லட்சம் வீட்டுத்தோட்டம் என்று விதை கொடுத்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்து தோட்டம் செய்யச் சொன்னது. புத்தளத்துக்காரருக்கு அந்தச் சுற்றறிக்கை தேவைப்பட்டிருக்காது. பூச்சாடியில் கத்தரியும் தக்காளியும் ஏற்கெனவே ஏறியிருந்தன. அரசு மறந்தாலும் பெண்கள் மறக்கவில்லை.

ஆகவே ஆசையை விடச் சொல்லி எழுதுவது வீண் வேலை. வாங்குங்கள். வாங்கும்போது இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். நாற்றுமேடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். புதுக் கன்றை மற்றவற்றோடு சேர்க்காமல் இரண்டு மூன்று வாரம் தனியே வையுங்கள். தடி ஒடித்துத் தருபவரிடம் அதன் பழக்கம் என்ன, எவ்வளவு பரவும் என்று கேளுங்கள். விதை தூவிப் பரவும் அழகுச் செடியைக் குளத்துக்கும் களப்புக்கும் பக்கத்தில் வைக்க வேண்டாம். தென் மாகாணத்தில் வெலிகம இலை வாடல் நோய் இருப்பதால் அங்கிருந்து தென்னங்கன்று வெளியே கொண்டுவரத் தடை உண்டு; மாத்தறை உறவினர் ஆசையோடு கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்த நோய் நம் முக்கோணத்துக்குள் வந்தால் சிற்றுண்ணியை நல்லது என்போம்.

இத்தாலியிலிருந்து வென்னப்புவவுக்கும், வளைகுடாவிலிருந்து புத்தளத்துக்கும் விடுமுறையில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதிப் பத்திரமும் அந்நாட்டுத் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் கன்றையோ தடியையோ கொண்டுவர முடியாது. கட்டுநாயக்கவில் தேசிய தாவரத் தனிமைப்படுத்தல் சேவை இருப்பது இதற்காகத்தான். சூட்கேசில் துணிக்குள் சுருட்டி வைக்காமல் அவர்களிடம் காட்டுங்கள். வளவில் இதுவரை காணாத பூச்சியையோ தழும்பையோ கண்டால் மருந்துக் கடைக்குப் போகும் முன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஓர் இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் நாற்றுமேடைப் பக்கம் எப்படியும் போகத்தான் போகிறீர்கள். இந்த இலக்கத்தை இப்போதே கைபேசியில் பதிந்து வையுங்கள்.